பன்னாடை, சுள்ளி, விறகு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டியூலிப் பாப்லர் மரம் படுத்துக் கிடக்கிறது. நானும் என் மகனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டிப்பிடித்தால்தான் கைகள் எட்டும், அவ்வளவு பருமன். 2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை காலையில் விழுந்தது. முந்தின இரவு ஹெலீன் புயல் கரையேறியது ஃபுளோரிடாவில். அங்கிருந்து நாங்கள் இருக்கும் வட கரோலினா மலைக்குக் காரில் வந்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். புயலாவது, இங்கேயாவது என்றுதான் படுக்கப் போனோம். ஆனால் அதற்கு முன்பே இரண்டு நாள் மழை கொட்டி மண் சேறாகியிருந்தது. காற்று வந்ததும் மரங்கள் முறியவில்லை, வேரோடு சாய்ந்தன. தூரோடு பெயர்ந்த வேர்மண் என் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி நின்றது.

தண்ணீர், மின்சாரம், உடைந்த ரோடு, மண்சரிவு பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த மார்ச் மாதம் பிடித்த காட்டுத் தீயைப் பற்றி.

மாநில வனத்துறை போட்ட கணக்கில் சேதமான காடு மட்டும் 8 லட்சத்து 22 ஆயிரம் ஏக்கர். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதையெல்லாம் யார் அள்ளுவது? ரோட்டோரம் இழுத்துப் போட்டதை லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. சரிவில் கிடப்பதை யாரும் தொடவில்லை. தொடவும் முடியாது.

என் அப்பாவுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயலில் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போது அங்கே கவலை வேறு. விழுந்த தென்னை மட்கினால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், மிச்சம் நிற்கிற மரத்தையும் அது தின்றுவிடும். அதனால் இங்கே மரம் விழுந்ததும் பூச்சியைத்தான் நினைத்தேன். தீயை நினைக்கவே இல்லை. இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தீ எங்கே பிடிக்கப்போகிறது?

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பதை ஒட்டி வயது. வாலிபத்தில் மரம் வெட்டும் வேலை பார்த்தவர். அவர்தான் ஒரு நாள் வேலியோரம் நின்று மேலே காட்டினார். "அங்கே பார், வானம்." நான் முதலில் கவனித்ததே இல்லை. முன்பு கோடையில் உச்சிப்பொழுதுக்கும் வெயில் இறங்காத இடம் அது. இப்போது கூரை பிய்ந்த கொட்டகை போல வெயில் நேராகத் தரையில் விழுகிறது, காற்றும் தடையில்லாமல் புகுந்து போகிறது. அந்தக் காடு ஈரமாக இருந்ததற்கு மழை பாதிக் காரணம், நிழல் பாதிக் காரணம். நிழல் போய்விட்டது.

இன்னொன்றும் காட்டினார். சாய்ந்த ஓக் மரத்தின் கிளைகளில் இலைகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. தானாக இலை உதிர்க்க மரத்துக்கு உயிர் வேண்டுமாம். செப்டம்பரில் பச்சையாக விழுந்ததால் அந்த இலை காம்பை விடவில்லை, கிளையிலேயே காய்ந்து பழுப்பாகிவிட்டது. தரையில் படிந்த சருகு பனியில் நனையும். இது இடுப்பு உயரத்தில் நிற்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. கையில் நசுக்கினேன், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இந்த ஊர்த் தீயணைப்புக்காரர்கள் எரிபொருளை மணிக்கணக்கில் பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்குக் குறைவான சுள்ளியும் புல்லும் 'ஒரு மணி நேர' வகை. ஒரு அங்குலம் வரை பத்து மணி, மூன்று அங்குலம் வரை நூறு மணி, அதற்கு மேல் ஆயிரம் மணி. காற்று வறண்டால் அந்தந்தக் கட்டை அதற்கு ஏற்றாற்போல் உலர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. கேட்டபோது எனக்கு அம்மாவின் விறகடுப்பு ஞாபகம் வந்தது. அம்மா ஒரு நாளும் கட்டையில் தீக்குச்சியை வைத்ததில்லை. முதலில் பன்னாடை, அதன் மேல் சுள்ளி, அது பிடித்ததும் சிராய், கடைசியில்தான் விறகு. எங்கள் சரிவில் அந்த நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரிக் கிடந்தது. காலையில் மழை நின்றால், வெயிலும் காற்றும் சேர்ந்து மத்தியானத்துக்குள் பன்னாடை தயார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பிப்ரவரிக் கடைசியில், எரிப்பதற்கான அனுமதிச் சீட்டை முறையாக வாங்கிக்கொண்டு, சேர்த்து வைத்த கிளைக் குவியலுக்குத் தீ வைத்தேன். குழாயை நீட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக எரிந்து சாம்பலானது, தண்ணீரும் ஊற்றினேன். மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் கதவைத் தட்டினார். குவியலிலிருந்து நாலடி தள்ளித் தரையிலிருந்து புகை வருகிறது. செத்த வேர் ஒன்றின் வழியாகக் கங்கு மண்ணுக்குள்ளேயே நகர்ந்து போயிருக்கிறது. மண்வெட்டியால் வெட்டிப் பிளந்து வாளி வாளியாக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் 'உஸ்' என்று சத்தம். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இந்த மாநிலத்தில் காட்டுத் தீக்கு முதல் காரணமே இப்படித் தோட்டக் குப்பையை எரிப்பதுதான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, மார்ச் 19, போல்க் கவுண்டியில் சலூடா ஊருக்குப் பக்கத்தில் பிளாக் கோவ் தீ பிடித்தது. அறுந்து விழுந்த மின்கம்பியால் வந்த தீ. அதோடு டீப் வுட்ஸ், ஃபிஷ் ஹுக் என்று இன்னும் இரண்டு. மொத்தம் 7,500 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதே வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம், தென் கரோலினாவில் டேபிள் ராக் மலையும் எரிந்தது. சலூடா எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். காலையில் கார்க் கண்ணாடியில் சாம்பல். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், இலையின் நரம்பு அப்படியே தெரிந்தது, விரல் பட்டதும் தூளானது. மனைவி பாஸ்போர்ட்டையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தாள். அந்தப் பை ஏப்ரல் பாதி வரை அங்கேயேதான் இருந்தது.

ஹெலீன் சாய்த்த மரங்கள் அப்போது இரண்டு விதத்தில் வேலை வைத்தன. எரிவதற்கு நிறைய இருந்தது ஒன்று. காட்டு ரோடெல்லாம் அடிமரங்கள் குறுக்கே கிடந்ததால் வண்டி போக முடியவில்லை என்பது இன்னொன்று. தீ தாண்டாதபடி தரையைச் சுரண்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டுமானால் முதலில் ரம்பம் பிடித்து வழி வெட்ட வேண்டும். அதற்குள் தீ அடுத்த மேட்டில் நிற்கும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், நம்மைவிட வேகமாக.

இங்கே வருடத்துக்கு இரண்டு தீக்காலம். மார்ச், ஏப்ரலில் துளிர் வருவதற்கு முன், அக்டோபர், நவம்பரில் இலை உதிர்ந்த பின். 2016 நவம்பரில் மலைக்கு அந்தப் பக்கம், டென்னசியில், கேட்லின்பர்க் ஊருக்குள்ளேயே தீ இறங்கி 14 பேர் இறந்தார்கள். பெரியவர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இப்போது நான் எதையும் எரிப்பதில்லை. வீட்டைச் சுற்றி ஐந்தடிக்குச் சருகே இல்லாமல் வாரிவிடுகிறேன். கூரையோரத் தண்ணீர்க் காலில் தேங்கும் இலையை மாதம் ஒருமுறை அள்ளுகிறேன். பொறி வந்து விழுவது அங்கேதானாம். சுள்ளிகளை மட்டும் பொறுக்கி மேட்டுக்கு இழுக்கிறேன். முதுகு கெஞ்சுகிறது. பெரிய பாப்லரை விட்டுவிட்டேன். போன வாரம் கடப்பாரை போட்டு அதை லேசாக நெம்பிப் பார்த்தோம். மேலே பட்டை வெடித்து எலும்பு மாதிரி வெளுத்திருக்கிறது. அடியிலோ மண் கருப்பாக, ஈரமாக, பல்லி மாதிரி, விரல் நீளத்துக்கு ஒரு சாலமாண்டர் சுருண்டு படுத்திருந்தது. மகன் உடனே "கீழே வைங்கப்பா, வைங்க" என்றான். வைத்துவிட்டோம்.

அப்பாவிடம் ஞாயிறுதோறும் போனில் பேசுவேன். "ஏண்டா, அவ்வளவு மரம் கிடக்குது, ஒரு வியாபாரிகூட வர மாட்டானா?" என்று கேட்பார். ரோடு இல்லை, மில்லுக்குப் போவதற்குள் மரம் கெட்டுவிடுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார். அப்புறம் வழக்கமான கேள்விக்கு வருவார், மழை உண்டா என்று. முன்பெல்லாம் "இங்க எப்பவும் மழைதான்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். இந்த ஞாயிறு, "பதினோரு நாள் ஆச்சுப்பா" என்றேன். தோப்புக்காரர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.