குப்பைப் பையின் கணக்கு

“டப்பா இல்லாதவன் என்ன பண்ணுவான் தம்பி?” என்று திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். “ஒரு வருஷம் பழகிட்டா எல்லாரும் கொண்டு வந்துடுவாங்கக்கா” என்றேன். கூட்டத்தில் மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அன்னதானத்துக்கு இனிப் பிளாஸ்டிக் தட்டு கிடையாது, அவரவர் பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்று திட்டம் எழுதியது நான்தான். காரணமில்லாமல் எழுதவில்லை. சிங்கப்பூரில் நம் குப்பை எரிந்து சாம்பலாகி செமாக்காவ் தீவிலுள்ள குப்பைக் கிடங்குக்குப் போகிறது. 1999-இல் செயல்படத் தொடங்கிய அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். “வாழையிலை போட்டா மக்கிடுமே” என்றார் ஒருவர். இலையும் சாம்பாரும் பிளாஸ்டிக் கப்பும் ஒரே கறுப்புப் பையில் எரிஉலைக்குப் போனால் எங்கே மக்குவது? இதைச் சொல்லித்தான் வாதத்தில் ஜெயித்தேன்.

எவர்சில்வர் தட்டு வாங்கலாம், பெண்கள் நாங்களே நின்று கழுவித் தருகிறோம் என்றும் அக்கா சொன்னார். பின்வாசலில் இருப்பது ஒரே குழாய். நடக்காது என்றேன். இப்போதும் அது நடக்காதுதான் என்று நினைக்கிறேன்.

திருவிழாவன்று பைகள் நன்றாகவே குறைந்தன. வழக்கமாகச் சாம்பார் ஒழுகி வழுக்கும் பின்வாசல் காய்ந்து கிடந்தது. படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தேன்.

ஆனால் வரிசையும் குட்டையாகத்தான் இருந்தது. தட்டு இல்லாததால் பை குறைந்ததா, ஆளே குறைந்ததாலா? தலை எண்ண யாரையும் போடவில்லை. தூறல் வேறு. நாலைந்து ஊழியர் தம்பிகள் அறிவிப்பைப் படித்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் நடந்தார்கள். கடையில் சாப்பிட்டிருப்பார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் டார்மிட்டரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லோரி ஏறி வருகிறவன் டப்பாவோடா வருவான்? வீவக அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் நாங்கள் அடுக்கு கேரியரில் வாங்கிப் போனோம். குறை சொல்லவில்லை, என் மனைவியும் ஒன்று கொண்டுவந்தாள்.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கட்டடத்துக்கு அது போதும். பந்தியை எப்படிப் பாதுகாப்பது? முன்பின் தெரியாதவன் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தால்தானே அது அன்னதானம்? இப்படி யோசிக்கும்போதே, அதற்காகத் தீவை நிரப்பலாமா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் அதே திட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். தட்டை வாடகைக்குக் கொடுத்து, எடுத்துப்போய்க் கழுவிக்கொள்ளும் கம்பெனியிடம் விலை கேட்டேன். நிறையவே சொல்கிறார்கள். சேர்ப்பதென்றால் அந்தச் செலவைக் குப்பைக் கணக்கில் எழுதுவதா சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதா என்று தெரியாமல் அந்த வரியை இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.