ஆற்றுக்காலில் மூண்ட அடுப்பு

கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர்களுக்குக் கண்ணகை அம்மன் என்றால் வைகாசிதான். கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை பாடி, பூரணையை ஒட்டிக் குளிர்த்தியோடு சடங்கு முடியும். மதுரையை எரித்த சூட்டை ஆற்றுவதற்காகத்தான் அந்தக் குளிர்த்தி. சின்ன வயதில் வேப்பிலைத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்போது அம்மா காதோரம் சொல்வார், "இனி அம்மாள்ட கோபம் ஆறிடும் புள்ள."

அந்த அம்மாளைச் சேர நாட்டில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும் அங்கே இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். "அரசன் போன வழிதானே, நாமும் போவம்" என்றார். சரி என்று இந்த மாசியில் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் ஓர் இரவு. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு மணி நேரப் பறப்பு.

முதல் நாள் பத்மநாபசுவாமி தரிசனம். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுமையாகப் பார்க்க முடிகிறது. பக்கத்துக் குதிரைமாளிகையில் கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். அழகுதான், ஆனால் அம்மாவின் மனம் கண்ணகி கோயில் இருக்கும் ஆற்றுக்காலிலேயே இருந்தது.

மதுரையை எரித்த கண்ணகி கன்னியாகுமரி வழியாக வந்து, கிள்ளியாற்றங்கரையில் சிறுமியாக நின்று, முல்லுவீட்டுப் பெரியவரிடம் தன்னை அக்கரை சேர்க்கச் சொன்னாள் என்பது ஆற்றுக்கால் கதை. பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலை அன்று விடியுமுன்பே போய்விட்டோம். கோயிலைச் சுற்றிப் பல கிலோமீற்றருக்குத் தெருவெல்லாம் மூன்று செங்கல், ஒரு மண்பானை, ஒரு பெண். 2009இல் 25 இலட்சம் பெண்கள் பொங்கியதாகக் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணை முன்பே வாசித்திருந்தேன். அந்தத் தெருவில் உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஒலிபெருக்கியில் குழித்தாளத்தோடு தோற்றம்பாட்டு போய்க்கொண்டிருந்தது. காப்புக்கட்டிய நாளில் தொடங்கிய கண்ணகி கதை அது. மலையாளம் முழுதாக விளங்காவிட்டாலும் 'பாண்டியன்' என்ற சொல் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலப்பதிகாரத்தில் 'யானே கள்வன்' என்று சொல்லி அவன் தானே உயிர் விடுகிறான். இங்கே அம்மன் அவனை வதம் செய்கிறாள். அந்தக் கட்டம் பாடி முடிந்ததும் கருவறையிலிருந்து தீ வந்து கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் ஏறியது. அப்புறம் அடுப்புக்கு அடுப்பு, கைக்குக் கை, தெருவுக்குத் தெரு. எங்கள் பக்கத்து அடுப்புக்காரி எரிகிற ஓலைத்துண்டை நீட்டி, "இந்தா மோளே" என்றார். வாங்கும்போது என் கை நடுங்கியது. நாங்கள் வருடா வருடம் தண்ணீர் ஊற்றித் தணிக்கிற நெருப்பு இது.

கண் எரிய, புகைக்குள் அரிசியும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் கொதித்துப் பொங்கி வழிந்தபோது நாலா பக்கமும் குரவை ஒலி. அம்மாவும் குரவையிட்டார். பக்கத்து அம்மா வியந்து திரும்பினார். அவர்கள் ஊரிலும் அதற்குப் பெயர் குரவைதான்! அதன்பிறகு இருவருக்கும் பேச்சு ஓயவில்லை. எங்கள் பக்கம் குடி தாய்வழியில் வரும், வீடு மகளுக்குப் போகும் என்று அம்மா சொல்ல, அவர் தன் பாட்டி காலத்துத் தறவாட்டை, தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கொரு மொழி, பாதிக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

பிற்பகலில் பூசாரிகள் வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்தார்கள். ஒரு துளி அடுப்புக் கல்லில் விழுந்து சுர்ரென்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் குளிர்த்திப் பாட்டை முணுமுணுத்தார்.

பானையைச் சேலையில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இந்த வைகாசியில் குளிர்த்தித் தண்ணீர் வாங்க அதைத்தான் எடுத்துப் போனார். உள்ளே கழுவியிருந்தார். அடியில் இருந்த கரியைத் தொடவில்லை.