குதிக்கும் முன் ஒரு நொடி

"சும்மா நில்லுப்பா. ஒரே ஒரு நொடி ஆடாம நில்லு." ஒரு நாளைக்கு இதை நாற்பது ஐம்பது தடவையாவது சொல்வேன். விளையாட்டு அறிவியல் லேபில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் நான் வீரர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் என் வேலையில் பாதி, ஆட்களை அசையாமல் நிற்கவைப்பதுதான்.

தரையோடு தரையாக ஃபோர்ஸ் பிளேட் என்று ஒன்று பதித்திருக்கும். கேரம் போர்டைவிடச் சின்னது, பார்க்க வெறும் தகடு. மேலே ஏறி நின்றால் நம் கால் அதை எவ்வளவு விசையோடு அமுக்குகிறது என்று நொடிக்கு ஆயிரம் தடவை குறித்துக்கொள்ளும். குதிப்பதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில்தான் அது ஆளின் எடையைப் பிடிக்கிறது. அப்புறம் வரும் கணக்கு முழுக்க, எடைக்கு மேல் எவ்வளவு அழுத்தினான், எவ்வளவு நேரம் அழுத்தினான், அதனால் என்ன வேகத்தில் தரையை விட்டான் என்பதுதான். அந்த நொடியில் பையன் மூக்கைச் சொறிந்தால் போச்சு, எடை கொஞ்சம் தப்பும், வேகம் தப்பும், உயரமும் தப்பும். ஸ்கிரீனில் மட்டும் எண் அழகாகத்தான் வந்து நிற்கும்.

நான் நாமக்கல் பக்கம், கல்லூரி அணியில் வாலிபால் ஆடியவள். சென்னையில் இந்த வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சேர்ந்தபோது எனக்கு உயரம்தான் எல்லாம். யார் எத்தனை சென்டிமீட்டர் எழும்பினார்கள் என்று பார்ப்பேன், மற்றதெல்லாம் நேர விரயம் என்று நினைப்பேன்.

அந்த நினைப்பை முதலில் அசைத்தது ஒரு டிரிபிள் ஜம்ப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு. பிளேட்டில் வெறுங்காலோடு ஏறியதும் விரல்களைச் சுருட்டிக்கொண்டாள். "குளிருதுக்கா" என்றாள். தகடும் சில்லென்று இருந்தது, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது, பழக்கமில்லாத பிள்ளை. ஏசியை அணைத்துவிட்டு, கால் சூடாகட்டும் என்று ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒற்றைக் காலில் நிற்கவைத்தேன். மனிதர் யாருமே உண்மையில் அசையாமல் நிற்பதில்லை. கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் செய்தி மூன்றையும் வைத்து மூளை நம்மை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தம் ஸ்கிரீனில் ஒரு கோடாக ஓடும். வலது காலுக்குக் கோடு ஒரு சின்ன முடிச்சாக இருந்தது. இடது காலில் கண்ணை மூடச் சொன்னதும், சேமியாவைக் கொட்டினாற்போல பரவிவிட்டது.

பத்தாவது படிக்கும்போது கணுக்கால் பிசகியதாம். ஊரில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள், வீக்கம் வடிந்தது, பதினைந்து நாளில் தடகளப் போட்டி இருந்ததால் அதில் இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் அதே கால் இரண்டு தடவை பிசகியிருக்கிறது. இது அவளுக்கு மட்டும் நடப்பதில்லை. ஒருதரம் பிசகிய கணுக்கால் திரும்பப் பிசக அதிக வாய்ப்பு உண்டு என்பது இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். வலி போய்விடும், வீக்கம் போய்விடும், ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் அந்தச் செய்தி மட்டும் மங்கலாகவே வந்துகொண்டிருக்கும். ஒற்றைக்கால் சமநிலைப் பயிற்சி அதை ஓரளவு மீட்டுத்தரும், திரும்பப் பிசகுவதையும் குறைக்கும். செலவே இல்லாத வைத்தியம். அவளுக்குக் காலையில் பல் தேய்க்கும்போது இடது காலில் நில் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம், ஆனாலும் விடவில்லை.

சமநிலையை நேர விரயம் என்று நினைத்துச் சூடுபட்ட நான், அடுத்த தப்பை எதிர்ப்பக்கம் போய்ச் செய்தேன். ஒய் பேலன்ஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்ற காலை முன்னால், பின்னால் இந்தப் பக்கம், பின்னால் அந்தப் பக்கம் என்று மூன்று திசையில் எட்டும் மட்டும் நீட்ட வேண்டும். கருவி வாங்கப் பணமில்லாதபோது தரையில் டேப் ஒட்டியே செய்திருக்கிறோம். முன்பக்கம் நீட்டுவதில் இரண்டு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று, 2006இல் அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை வைத்து செய்த ஆய்வில் வந்தது. இந்த நாலு சென்டிமீட்டரை நான் ஜாதகம் மாதிரி பிடித்துக்கொண்டேன். அது போதாதென்று ஒற்றைக்கால் குதிப்பிலும் இடம் வலம் வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் உடனே சிவப்பு மசியில் வட்டம்.

ஒரு லாங் ஜம்ப் பையனுக்கு அப்படி வட்டம் போட்டு அனுப்பினேன். அவனுடைய மாஸ்டர் அறிக்கையோடு நேராக லேபுக்கே வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவன் எட்டு வருஷமா இடது கால்லதான் போர்டை மிதிக்கிறான். ரெண்டு காலும் ஒரே மாதிரி இருந்தாத்தானே நான் பயப்படணும்?"

எனக்கு முகம் எரிந்தது. போர்டு என்பது தாண்டும்போது ஒற்றைக் காலால் மிதித்து எழும்பும் பலகை. தாண்டுகிற விளையாட்டே ஒற்றைக் காலை நம்பியது. சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். என் படிவத்தில் அவருக்கு வட்டம் போட இடம் பத்தாது. வித்தியாசம் இருக்கிறதா என்பதைவிட, அந்த ஆளுக்கு வழக்கமாக உள்ள வித்தியாசம் இந்த மாதம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பிரயோஜனம். இது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, அந்த மாஸ்டரின் கண்ணாடிக்கு மேலே இருந்து கிடைத்தது.

சரி, பெரிய தப்புக்கு வருகிறேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பிளேட்டை அளவு சரிபார்க்க அனுப்பியிருந்த நேரம். ஆறு வார பிளையோமெட்ரிக்ஸ் பயிற்சி, அதாவது தாவல் பயிற்சி, அதற்கு முன்னும் பின்னும் குதிப்பு உயரம் பார்க்கும் ஆய்வு எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. கான்டாக்ட் மேட் இருந்தது, அதை விரித்துக்கொண்டோம். அதற்கு விசையெல்லாம் தெரியாது. கால் எப்போது விரிப்பை விட்டது, எப்போது திரும்பத் தொட்டது, நடுவில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கும். அந்த நேரத்தின் இருபடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம். அரை நொடி காற்றில் இருந்தால் ஏறக்குறைய 30.7 சென்டிமீட்டர். கணக்கு சுத்தமானது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: விரிப்பை விட்டபோது கால் எப்படி நீட்டியிருந்ததோ அப்படியேதான் திரும்பத் தொட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து அளந்தால் சராசரியாக நாலு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. லேபில் கேசரி வாங்கினோம். பேராசிரியர் எங்கே அனுப்பலாம் என்று இதழ் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் படக்காட்சிக்காகப் பக்கவாட்டில் மொபைலில் எடுத்த வீடியோவை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பையனில் கை நின்றது. இறங்கும்போது முட்டியை மடக்கிக் காலை மேலே இழுத்துக்கொள்கிறான். அடுத்தவனும் அப்படித்தான். அதற்கடுத்தவனும். ஆறு வாரத்துக்கு முந்தைய வீடியோவில் ஒருவன்கூட அப்படி இல்லை.

காலை இழுத்துக்கொண்டால் தரையைத் தொடுவது தாமதமாகும். நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதித்தால் போதும், 30.7 என்பது 34.4 ஆகிவிடும். எங்கள் நாலு சென்டிமீட்டர் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவன் யார் என்று விசாரித்துக் கூப்பிட்டேன். ஒல்லியான கபடிப் பையன், திட்டப்போகிறேன் என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "ஒருநாள் தடுமாறி முட்டி மடங்கிருச்சுக்கா. நம்பர் ஏறுச்சு. அதான் ஹாஸ்டல்ல சொன்னேன்." ஸ்கிரீன் அவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தது, ஒவ்வொரு குதிப்புக்கும் எண் பளிச்சென்று விழுந்தது, பையன்கள் அந்த எண்ணுக்காகத் தங்களைத் தாங்களே பயிற்றுவித்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த லேபில் ஒழுங்காக ஆராய்ச்சி செய்தது அவன் ஒருத்தன்தான்.

பிளேட் திரும்பி வந்ததும் மறுபடி அளந்தோம். கூடியது ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். அதே பையன் காலையிலும் மாலையிலும் குதித்தாலே அவ்வளவு மாறும். கட்டுரை போகவில்லை. பேராசிரியர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. வீடியோவை ஏன் பார்த்தாய் என்று கேட்காத குறைதான். இப்போது ஸ்கிரீனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு நஷ்டம் உண்டு, எண்ணைப் பார்த்தால் ஆட்கள் இன்னும் முனைந்து குதிப்பார்கள். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் இறங்குவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். 1968இல் மெக்சிகோ சிட்டியில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி உயரம் தாண்டுதலில் முதுகைக் காட்டிக் கம்பியைத் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கியதை எல்லோரும் புது உத்தி என்று சொல்வார்கள். கீழே மெத்தை வந்திராவிட்டால் அந்த உத்தி ஏது? மணலிலும் மரத்தூளிலும் முதுகால் விழ யார் துணிவார்கள்? எப்படி விழலாம் என்பது மாறியதும் எப்படி எழும்பலாம் என்பதும் மாறிவிட்டது. மெத்தை இல்லாத கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் இன்றைக்கும் கத்தரிக்கோல் மாதிரி காலை வீசித்தான் தாண்டுகிறார்கள். மணல் குழிக்கு அதுதான் சரி. அங்கே இருந்து வந்த பெண்ணைப் பார்த்து "டெக்னிக் இல்லை" என்று ஒருவர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் சோதனைகளிலும் இதே குறை இருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு குதி என்போம், கால் வலு மட்டும் தெரிய வேண்டுமாம். கையை வீசினால் உயரம் சுமார் பத்து சதவீதமோ அதற்கு மேலோ கூடும், அதை வேண்டுமென்றே கழிக்கிறோம். ஆனால் கை வீச்சுதானே வாலிபால்காரியின் பாதித் திறமை! லாங் ஜம்ப்பில் இன்னும் மோசம். பள்ளி இயற்பியல் 45 டிகிரி என்று சொல்கிறது, நல்ல வீரர்களோ சுமார் 20 டிகிரியில்தான் எழும்புகிறார்கள். முழு வேகத்தில் வரும் ஆளுக்குப் போர்டில் கிடைப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு, இல்லை கொஞ்சம் கூடுதல். அதற்குள் 45 டிகிரிக்குத் திரும்ப வேண்டுமானால் ஓட்டத்தைக் கொல்ல வேண்டும். ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தாரே, அந்த மாதிரித் தாண்டலில் பார்வையாளர் கண் போர்டில் இருக்கும், கோச் கண் அதற்கு முந்தின அடியில் இருக்கும். அந்த அடி கொஞ்சம் நீளும், இடுப்பு கொஞ்சம் இறங்கும், கடைசி அடி குறுகும், காரியம் அங்கேயே பாதி முடிந்துவிடும். நின்ற இடத்தில் இடுப்பில் கை வைத்துக் குதிக்கும் என் சோதனையில் இது எதுவும் வராது.

சிவப்பு வட்டத்துக்குச் சண்டைக்கு வந்த மாஸ்டர் மைதானத்துக்கு ஒருநாள் போனேன். ஓரத்தில் ஒரு வேப்ப மரம். கிளையில் கயிறு கட்டி நுனியில் பழைய ஷட்டில் காக் தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் வரிசையாக ஓடிவந்து தலையால் அதைத் தட்ட வேண்டும். முட்டியை நீட்டு, கணுக்காலை உந்து என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஷட்டிலைத் தொடு, அவ்வளவுதான்." எனக்கு உடனே, உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராய்ந்த காப்ரியல் வுல்ஃப் ஞாபகம் வந்தார். சமநிலைப் பலகைகளை வைத்து அவர் செய்த ஆய்வு வரிசை ஒன்று உண்டு. தன் பாதத்தைக் கவனிப்பவரைவிடப் பாதத்துக்கு வெளியே ஒரு குறியைக் கவனிப்பவர் நன்றாக நிற்கிறார். 2007இல் அதையே குதிப்பில் பார்த்தார்கள். கைவிரலைக் கவனி என்றால் ஒரு உயரம், மேலே எட்டித் தொட வேண்டிய கம்பியைக் கவனி என்றால் இன்னும் உயரம். உடம்பை நாமே மேய்க்கப் பார்த்தால் அதன் தானியங்கி வேலை கெடுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

மாஸ்டரிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார், பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கயிற்றில் நடுவே நாலைந்து முடிச்சு இருந்தது. ஏன் என்று கேட்டேன். மாதத்துக்கு ஒருதரம் ஒரு முடிச்சு போடுவாராம், கயிறு கொஞ்சம் மேலே போகும், எந்த முடிச்சில் யார் நின்றுபோனான் என்று அவருக்கு மனப்பாடம்.

திரும்பி வந்து எங்கள் லேபிலும் பிளேட்டுக்கு மேலே ஒரு ஷட்டில் காக் தொங்கவிட்டோம். ஸ்டோரில் இருந்து ஆள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இது எந்தப் பொருளின் கீழ் வாங்கியது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டுமே என்றார். ஷட்டில் காக் ஒன்று, சணல் கயிறு மூன்று மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கருவியின் பயன்பாடு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.