பச்சைக்குள் ஓர் ஊர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றை வாரத்துக்கு இரண்டு முறையாவது கடந்துகொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. சேர்வராயன் மலைக் கிராமங்கள் சிலவற்றின் நில உபயோக வரைபடத்தையும் அதற்குரிய விதிகளையும் புதுப்பிப்பதற்கான வரைவைத் தயாரித்த ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் நான் அப்போது வரைவாளராக இருந்தேன். படம் வரைவதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதத்திலேயே, வரையும் கோட்டைவிட அதன் கீழே எழுதப்படும் வாசகத்துக்குத்தான் ஆயுள் அதிகம் என்பது புரிந்துவிட்டது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணும் (சர்வே எண்) ஏதாவது ஓர் உபயோகத்துக்குள் அடங்கியாக வேண்டும். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழில் ஊதா, பொது நிறுவனங்கள் சிவப்பு, விவசாயம் பச்சை. மலைப் பகுதி என்பதால், 1990-இல் உருவான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் இங்கே உண்டு. வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்துரைகளும் கோப்பில் வந்து சேர வேண்டும். கட்டட அளவுகளுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

மலை அப்படி ஒழுங்காக இல்லை. சில்வர் ஓக் மர நிழலில் காப்பி, அந்த மரத்தைச் சுற்றிப் படரும் மிளகு, இடையிடையே ஆரஞ்சும் பலாவும் என்று இருக்கும் ஒரு தோட்டம் விவசாய நிலமா, தோப்பா, நீர்ப்பிடிப்புப் பகுதியா? மூன்றும்தான். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. மேலே ஒரு சரிவில் மரங்கள் போனால் கீழே சேலத்தில் ஆற்றின் நிறம் மாறும். ஆனால் எங்களிடம் இருந்தது ஒரே பச்சை. அந்தப் பச்சைக்குள் ‘பண்ணை வீடு’ அனுமதிக்கப்படும் என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பண்ணையே இல்லாத வீடுகள் பலகை மாட்டி வாரக்கடைசியில் அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தன. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிக்கட்டுரையாகிவிடும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று.

எங்கள் அடிப்படை ஆவணம் வருவாய்த்துறையின் கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும். பதிவேட்டில் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்று இருந்தால் மஞ்சள், புஞ்செய் என்று இருந்தால் பச்சை, ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் கை வைக்கக்கூடாது. இந்த வழியிலேயே நான் நானூற்றுச் சொச்சம் உட்பிரிவுகளுக்கு நிறம் கொடுத்து முடித்தேன். 1:5000 அளவுத் திட்டத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கோடு தரையில் இரண்டரை மீட்டர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எல்லைகளில் கவனமாகவே இருந்தேன். தவறு எல்லையில் நடக்கவில்லை.

ஆட்சேபணைகளைக் கேட்பதற்கு முன்னோட்டமாக, வரைவுப் படத்தை ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒட்டி வைத்திருந்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். படத்தைப் பார்ப்பதைவிட எங்கள் ஜீப்பைப் பார்ப்பதில்தான் பலருக்கு ஆர்வம் இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும், பள்ளிக்கூடத்தையும் மாரியம்மன் கோயிலையும் அடையாளம் காட்டச் சொல்லி, அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“எங்க ஊரு இதுதானுங்களே, சார். இங்க வீடே இல்லைங்களா?”

அங்கே வெறும் பச்சைதான் இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள அந்தச் சிற்றூர் பதிவேட்டில் நத்தமாக ஏறியதே இல்லை. வீடுகள் எல்லாம் புஞ்செய்ப் பட்டா நிலத்திலேயே தலைமுறைகளாக இருந்து வந்தவை. நான் அந்த ஊர் வழியாகக் குறைந்தது ஐந்து முறை போயிருக்கிறேன். ஒரு முறை அங்கே மோர் வாங்கிக் குடித்தும் இருக்கிறேன். ஆனாலும் நிறம் கொடுக்கும்போது பதிவேட்டைத்தான் பார்த்தேன். படம் அப்படியே உறுதியாகியிருந்தால், அந்த ஊரில் ஒருவர் தன் மகனுக்கென்று ஒரு வீடு கட்ட விண்ணப்பித்தாலும் ‘விவசாய உபயோகம், குடியிருப்புக்கு இடமில்லை’ என்று திரும்பி வந்திருக்கும்.

திருத்துவது எளிது என்றுதான் முதலில் நினைத்தேன்: ஊரைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் போட்டால் போதும். எங்கள் குழுவில் இருந்த மூத்த திட்ட அலுவலர் அதை ஒரே கேள்வியில் நிறுத்தினார். “மஞ்சள் போட்ட மறுநாள் யார் வருவாங்க, தெரியுமா?” எனக்குத் தெரியும். மலையில் மஞ்சள் என்பது கீழிருந்து வரும் தரகர்களுக்கு அழைப்பிதழ். சென்ட் கணக்கில் விலை பேசுவார்கள். சாலையோர நிலம் முதலில் போகும், பிறகு தண்ணீர் உள்ள நிலம் போகும், கடைசியில் ஊரே மஞ்சளுக்கு வெளியே தள்ளப்படும். பச்சையில் விட்டால் வீடு கட்ட முடியாது, மஞ்சளாக்கினால் வீடு கட்ட நிலம் மிஞ்சாது.

நிறத்தை மாற்றாமல் விதியில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. விவசாய உபயோகத்தில், அக்கிராமத்தில் தொடர்ந்து வசித்துவரும் பழங்குடியினர் தம் சொந்தப் பட்டா நிலத்தில், தரைத்தளம் மட்டும் கொண்ட, தாம் குடியிருப்பதற்கான வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கிராம உதவியாளர் ஒருவரிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். “சொந்தப் பட்டா யாருக்குங்க சார் இருக்குது? எல்லாம் தாத்தா பேருல கூட்டுப்பட்டாவாத்தான் கெடக்குது.” உண்மை. அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இறந்துபோனவர்களின் பெயரிலேயே நிலத்தை உழுதுகொண்டிருந்தன. ஆகவே ‘தம் பெயரிலோ முன்னோர் பெயரிலோ பட்டா உள்ள’ என்று மாற்றினேன். இந்த ஆறு சொல்லுக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று.

இதோடு இன்னொரு வாசகத்தையும் திருத்தினோம். ஓடைக் கரையிலிருந்து 15 மீட்டர் விட வேண்டும் என்று வரைவில் இருந்தது. சரிவை ஒட்டி நாடா பிடித்தால் 15 மீட்டரா, கிடைமட்டமாக 15 மீட்டரா என்று இல்லை. 30 பாகைச் சரிவில் கிடைமட்டமாக 15 மீட்டர் வேண்டுமென்றால் தரையில் 17 மீட்டருக்கு மேல் நாடா ஓட வேண்டும்; இரண்டு மீட்டருக்கும் மேலான இந்த வித்தியாசத்தில் ஒரு தடுப்புச்சுவரே எழும்பிவிடும். ‘கிடைமட்டமாக’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தோம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வரைவு மேலே போனது. பல மாதம் கழித்துத் திரும்பியபோது, ‘கிடைமட்டமாக’ அப்படியே இருந்தது. ‘முன்னோர் பெயரிலோ’ என்பது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘முறைகேட்டுக்கு இடமளிக்கும்’ என்று குறிப்பு இருந்தது. குறிப்பை எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். பண்ணை வீட்டுக் கதையைப் பார்த்தவர் வேறு எப்படி எழுதுவார்? வாரிசுப்படி பட்டா மாற்றித் தர முகாம் நடத்திவிட்டு இந்த விதியைக் கொண்டுவரலாம் என்று நாங்கள் பதில் அனுப்பினோம். அந்தக் கோப்பு நகர்வதற்குள் என் ஒப்பந்தக் காலம் முடிந்தது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அதற்கு அடுத்த மாதம், சொந்த வேலையாகக் குப்பனூர் வழியாக ஏறினேன். வழியில் அந்த ஊருக்கும் போனேன். வராந்தாவில் விரல் வைத்துக் காட்டிய அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு காப்பி கொடுத்தார். பழைய வீட்டின் பக்கச்சுவரை ஒட்டி, சிமென்ட் கல்லால் புதிதாக ஓர் அறை எழும்பியிருந்தது, மேலே தகரக்கூரை. மகனுக்குக் கல்யாணமாம். அனுமதி வாங்கினீர்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கேட்டா இல்லைம்பாங்க. கேக்கலைன்னா யாரு இவ்வளவு தூரம் வந்து பாக்கப் போறாங்க?” என்றார்.

பழக்க தோஷத்தில், பேசிக்கொண்டே அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். 12-க்கு 10.