இரண்டு கியர் இம்பாலா

மிச்சிகனில் எங்கள் முதல் குளிர்காலம் பனி அள்ளுவதிலேயே கழிந்தது. தெருவில் ஒருவரையும் தெரியாது. ஏப்ரலில்தான் எதிர்வீட்டு கராஜ் கதவு திறந்தது. உள்ளே 1965 மாடல் செவர்லே இம்பாலா. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் லீவர். திருச்சியில் அப்பா ஓட்டிய பழைய அம்பாசிடரிலும் அங்கேதான் இருக்கும். அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'சார்' வேண்டாம், பெயர் சொல் என்றார். அப்பாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. கடைசிவரை எப்படியும் கூப்பிடாமல், கதவைத் தட்டியே பேச்சைத் தொடங்குவேன்.

காரில் இருந்தது பவர்கிளைடு. 1950-இல் வந்து 1973 வரை செவர்லே கார்களில் ஓடிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முன்னே போக இரண்டே கியர். லோ என்ற முதல் கியரில் இழுத்துக்கொண்டே போய், ஒரே தாவாகத் தாவும். இந்த வண்டியில் ரிவர்ஸ் போட்டால் யோசித்துத்தான் நகரும். தரையில் சிவப்பு எண்ணெய் வேறு.

இதை எடுத்துவிட்டு நாலு கியர் 700ஆர்4 கியர்பாக்ஸ் போடலாமே, இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் கியர் இருப்பதால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாது என்றேன். எங்கோ படித்த ஜோரில் சொன்னது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆக்சிலரேட்டர் அழுத்தத்தை அதற்குச் சொல்லும் த்ராட்டில் கேபிள் சரியாக அமையாவிட்டால் உள்ளே கிளட்ச் பிளேட் கருகிவிடும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டை நகர்த்த வேண்டும், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். (ப்ரொப்பல்லர் என்று நான் சொன்னதும், இதென்ன கப்பலா என்றார். அங்கே அது டிரைவ் ஷாஃப்ட்.) கடைசியில் மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 வாங்கினோம். பின்பக்கக் கூடு, அதாவது வால், 6 அங்குலம் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பவர்கிளைடின் அதே நீளம். பழைய ஷாஃப்டே போதும்.

ஸ்பேனர் கேட்டால் ரென்ச் என்று திருத்துவார். 14-ஆம் நம்பர் (மில்லிமீட்டர்) கேட்டேன், 9/16 அங்குலம் வந்தது.

இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரைச் சுற்றிக்கொண்டே கியர்பாக்ஸுக்குள் தள்ள வேண்டும். 'டொக்' என்று மூன்று முறை இறங்கும். கடைசி டொக் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பில் பொருந்துவது. இரண்டு கேட்டதும் எனக்குப் போதும் என்று தோன்றியது. ஜாக்கில் தூக்கி இன்ஜினோடு சேர்த்தால், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) ஒட்டாமல் விரல் நுழையும் இடைவெளி. போல்ட்டை முறுக்கினால் தானாக வந்துவிடும் என்று ரென்ச்சைப் போட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முறுக்கியிருந்தால் பம்ப் உடைந்திருக்கும். கிட்டத்தட்ட 55 கிலோவை மறுபடி கீழே இறக்கினோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைக் கன்வர்ட்டர் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துச் சுற்றினார். மூன்றாவது டொக் காதில் விழுவதற்குள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995 முதல் நடக்கும் பழைய கார் ஊர்வலம். பாதி வழியில் சாவியை என்னிடம் கொடுத்தார். ஸ்டியரிங் மேலிருந்த கியர் காட்டும் பட்டையில் பழைய எழுத்துகள்தான். டிரைவுக்கான 'டி'-க்கு அடுத்து லோவுக்கான 'எல்'. புதிதாக வந்த கியருக்கு எழுத்தே இல்லை. தடுமாறுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அம்பாசிடரில் ஒரு எழுத்தும் கிடையாது என்றேன்.