கைப்பிடி சுற்றிக் கணக்கிட்ட நரம்புத் துடிப்பு

சிமுலேஷன் படங்களைப் பார்த்து இப்போதெல்லாம் நான் அவ்வளவாக அசருவதில்லை. ரத்த ஓட்டம், கட்டி வளர்ச்சி, தொற்றுப் பரவல் என்று எதை எடுத்தாலும் சிவப்பும் நீலமுமாக ஒரு வீடியோ போட்டுவிடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே போடாத எண் ஏதாவது வெளியே வந்ததா? அளந்த தரவுக்கு ஏற்றபடி பத்துப் பதினைந்து மாறிலிகளைத் திருகிவிட்டு, அதே தரவோடு கோடு ஒட்டிப்போகிறது பார் என்றால், ஒட்டாமல் வேறு எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்ன மாடல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1952-இல் வெளியான ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடல். நரம்பில் ஒரு மின்துடிப்பு எப்படிக் கிளம்புகிறது, எப்படி ஓடுகிறது என்பதற்கான கணக்கு அது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கேம்பிரிட்ஜ்காரர்கள். சோதனைகளை இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் பிளிமத் ஆய்வகத்தில் செய்தார்கள். காரணம் கணவாய் மீன். நம் உடம்பில் தடிமனான நரம்பிழைகூட ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. ஊசிக்கணவாயின் ராட்சத ஆக்சானோ (துடிப்பைக் கொண்டுபோகும் நீண்ட நரம்பிழை) அரை மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் நீளவாக்கில் ஒரு கம்பியையே செருகிவிடலாம்! 1939-இலேயே உள்ளே மின்முனையை விட்டு, துடிப்பின் உச்சியில் உட்புறம் வெளிப்புறத்தைவிட நேர் மின்னழுத்தத்துக்குப் போய்விடுகிறது என்று பார்த்துவிட்டார்கள். உடனே போர் வந்துவிட்டது, ஆளுக்கொரு பக்கம் போர்க்கால வேலைக்குப் போனார்கள்.

போருக்குப் பிறகு அவர்கள் கையில் எடுத்த உத்தி வோல்டேஜ் கிளாம்ப். துடிப்பு இயல்பாக ஓடினால் மின்னழுத்தம், சோடியம் ஓட்டம், பொட்டாசியம் ஓட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறும். எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அதனால் பின்னூட்டச் சுற்று ஒன்றை வைத்து மின்னழுத்தத்தை ஒரே மதிப்பில் பிடித்து நிறுத்திவிட்டு, அப்படி நிறுத்த எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று மட்டும் அளந்தார்கள். கவனியுங்கள், அந்தச் சோதனையில் துடிப்பே இல்லை, அது ஓடவும் இல்லை. பிறகு சோடியத்தைக் குறைத்து மறுபடி அளந்து, சோடியம் பங்கையும் பொட்டாசியம் பங்கையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அப்படிக் கிடைத்த வளைவுகளுக்குத்தான் சமன்பாடு எழுதினார்கள்: பொட்டாசியம் கடத்துத்திறனுக்கு n-இன் நான்காம் அடுக்கு, சோடியத்துக்கு m-இன் மூன்றாம் அடுக்கு பெருக்கல் h, கூட ஒரு சின்னக் கசிவு. (n, m, h மூன்றும் நரம்பின் சவ்வில் அயனிகள் போய்வரும் வாயில்கள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லும், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்கள்.)

ஏன் நான்கு? அதை அவர்களே கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்: ஐந்தாம் அடுக்கோ ஆறாம் அடுக்கோ வைத்தால் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஆனால் கூடுகிற சிக்கலுக்கு அது தகாது என்று. மாடல் செய்கிறவர்கள் சுவரில் ஒட்டிவைக்கலாம் இதை. (1998-இல் ஒரு பொட்டாசியம் வாயிலின் படிக அமைப்பு வெளியானபோது, அதில் நான்கு துணையலகுகள் இருந்தன. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, அப்போதே கணித்துவிட்டார்கள்’ என்று சிலாகிப்பவர்கள் உண்டு. அந்த நான்கு, வளைவுக்காகப் போட்ட நான்கு. கொஞ்சம் நிதானம்.)

1951 மார்ச்சில் சமன்பாடுகள், மாறிலிகள் எல்லாம் தயார். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் கொடுத்தால் விடை வந்துவிடும் என்று இருந்தார்கள். அதுவோ பெரிய மராமத்துக்காக ஆறு மாதம் போல நிறுத்தப்படப் போகிறது என்று தகவல் வந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. பிரன்ஸ்விகா என்ற கையால் சுற்றுகிற கணக்கு இயந்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே இடத்தில் நிற்கிற துடிப்பு என்றால் பரவாயில்லை, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள்தான், படிப்படியாக நகர்த்திக்கொண்டே போகலாம். ஆக்சான் வழியே ஓடுகிற துடிப்புக்கு இடமும் காலமும் இரண்டும் சேர்ந்து வரும், அதைக் கையால் போடுவது நடக்காத காரியம். இங்கே ஒரு தந்திரம் செய்தார்கள்: துடிப்பு வடிவம் மாறாமல் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இடத்தைக் காலமாக மாற்றிவிடலாம். சரி, ஆனால் அந்த வேகம் என்ன? தெரியாது. ஊகித்துத் தொடங்க வேண்டும். ஊகம் ஒரு பக்கம் தவறினால் மின்னழுத்தம் மேலே முடிவிலிக்குப் பறக்கும், மறுபக்கம் தவறினால் கீழே. இரண்டுக்கும் நடுவில் நெருக்கி நெருக்கி, எந்த மதிப்பில் வளைவு ஒழுங்காக ஏறி இறங்கி ஓய்வுநிலைக்குத் திரும்புகிறதோ அதுதான் விடை. இப்படி ஓடுகிற துடிப்பு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்ததாம்.

கிடைத்த வேகம் வினாடிக்கு 18.8 மீட்டர். அதே ஆக்சானில், 18.5 டிகிரியில், நேரடியாக அளந்தது 21.2 மீட்டர். ஆக்சானின் தடிமன், உட்புறத் தடை, சவ்வின் மின்தேக்குதிறன் எல்லாம் தனியாக அளந்து போட்டவை. வாயில்களின் மாறிலிகள் துடிப்பே இல்லாத சோதனையில் எடுத்தவை. வேகம் என்ற எண்ணை யாரும் உள்ளே போடவில்லை. பத்து சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம், அதையும் அப்படியே அச்சிட்டார்கள். இன்றைக்கு என்றால் அந்த 18.8-ஐ 21-க்கு இழுத்துவிட ஏதாவது ஒரு மாறிலியைத் தட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். இருவருக்கும் 1963-இல், ஜான் எக்லஸோடு சேர்த்து, நோபல் கிடைத்தது.

நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், பைத்தானில் நாற்பது ஐம்பது வரி போதும், மூன்று வார வேலை கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஆய்லர் முறையில் (இப்போதைய மாறும் வீதத்தை வைத்தே அடுத்த படிக்குத் தாவும் எளிய முறை) போடுவதானால் காலப்படி 0.01 மில்லிவினாடி இருக்கட்டும், 0.1 வைத்தால் உச்சிக்குப் பக்கத்தில் சோடியம் வாயில்கள் திறந்து கடத்துத்திறன் எகிறும்போது கணக்கு நடுங்க ஆரம்பிக்கும், அது நரம்பின் குணம் இல்லை, படியின் குணம். அப்புறம், ஓய்வுநிலையிலிருந்து சரியாக 25 மில்லிவோல்ட் மேலே m திறக்கும் வீதத்துக்கான வாய்பாடு பூஜ்யத்தின் கீழ் பூஜ்யமாகிவிடும், n-க்கு அதே சங்கடம் 10-இல் வரும். எல்லை மதிப்பு m-க்கு 1, n-க்கு 0.1. அந்த இரண்டையும் ஒரு இஃப் போட்டுத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.