பழைய டிரைவ் ஷாஃப்டில் எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி மேஜையில் வைத்ததும் கை மண்ணெண்ணெயைத்தான் தேடும். அதற்கு முன் கொஞ்ச நேரம் அந்த அழுக்கைப் பார்க்க வேண்டும். கழுவிவிட்டால், ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் ஜாயின்ட் எதனால் கெட்டது என்பதற்கான சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டுக்குள் (boot) இருக்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மண் புகுந்திருக்கிறது. பழுப்பேறித் தண்ணியாக இருந்தால் நீர் இறங்கியிருக்கிறது. மினுமினுப்பை மட்டும் வைத்து இரும்பு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மாலிப்டினம் கலந்த கிரீஸ் புதிதாக இருக்கும்போதே கருஞ்சாம்பலாகப் பளபளக்கும். பாலித்தீன் தாளில் சுற்றிய காந்தத்தை அதில் தோய்த்து எடுங்கள். தாளில் முள்முள்ளாகத் துகள் நின்றால் அது இரும்பு.

பிரிப்பதற்கு முன் குறி போட வேண்டும். சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்டில் பெரும்பாலும் 6 குண்டுகள். வெளிக்கிண்ணம், கேஜ் (குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு), உள் ரேஸ் (குண்டுகள் ஓடும் உள்வளையம்) மூன்றிலும் ஒரே நேர்கோட்டில், குண்டு ஓடாத இடமாகப் பார்த்துக் கீறிவிடுங்கள். பெயிண்ட் குறி கழுவும்போதே போய்விடும். குண்டுகளை முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வைத்தால், எது எந்தப் பள்ளத்தில் ஓடித் தேய்ந்ததோ அதிலேயே திரும்பப் போகும்.

கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், நைலான் பிரஷ் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். இரண்டு தட்டுகள் வையுங்கள்: முதல் தட்டில் அழுக்கு போகட்டும், இரண்டாவதில் சுத்தமான எண்ணெயில் அலசுங்கள். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் ஒட்டியிருக்கும் மண்ணெண்ணெய் புதுக் கிரீஸை இளக்கிவிடும். சக்கர மையத்தில் இருக்கும் ஹப் பேரிங்கையும் பிரித்துக் கழுவினால், காற்று பீய்ச்சி அதைச் சுழலவிடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் ரேஸ் கீறிவிடும், கேஜ் உடைந்து உருளைகள் தெறிக்கவும் கூடும்.

இனிப் பார்வை. குண்டு ஓடிய தடம் பளிச்சென்று தெரிவது இயல்பு. நகத்தை அதன் மேல் ஓட்டுங்கள். பள்ளத்தில் நகம் தட்டினாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ அந்த ஜாயின்டுக்கு மறுவாழ்வு இல்லை. அந்தப் பள்ளத்தை எமரித் தாளால் சமப்படுத்தலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதைத் தேய்த்தால் குண்டுக்கு இடைவெளி கூடி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்டக் சத்தம் வரும்.

கியர்பாக்ஸ் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் உட்காரும் இடம்தான் பலர் கெடுக்கும் இடம். லேசான துரு இருந்தால் 600 நம்பர் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, ஷாஃப்டைச் சுற்றி மட்டும் தேய்க்க வேண்டும். நீளவாக்கிலோ சாய்வாகவோ கீறல் விழுந்தால் அது ஆயிலை வெளியே இழுத்து வரும் வழியாகிவிடும். புதுச் சீல் போட்டும் கசியும். நகம் சிக்குமளவு வளையம் தேய்ந்திருந்தால் மேலே ஸ்லீவ் ஏற்றலாம் அல்லது ஷாஃப்டை மாற்றலாம்.

நடுத் தண்டின் துருவுக்குக் கம்பி பிரஷ் தாராளமாகப் போதும். கடினப்படுத்திய பாகங்களை அமிலத்தில் ஊறவைப்பது ஆபத்து: ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். சக்கர வேகத்தை அளக்க உதவும் ஏபிஎஸ் பல்வளையம் இருந்தால் அதன் அடியில் பாருங்கள். அங்கே உப்பிக்கொண்டு வரும் துரு, வளையத்தைத் தூக்கி விரிசல் விட வைக்கும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

பெயிண்ட் நடுத் தண்டுக்கு மட்டும்: எபாக்சி பிரைமர், மேலே மெல்லிய கருப்பு. ஸ்பிலைன் (பல் வெட்டிய பகுதி), சீல் இடம், பூட் உட்காரும் பள்ளம், ஹப்போடு முட்டும் தோள் நான்கையும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். தோளில் பெயிண்ட் இருந்தால் நட்டை இறுக்கும்போது டார்க் (இறுக்கும் விசையின் அளவு) சரியாகவே காட்டும். ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி இறுக்கம் தளர, பேரிங் ஆட ஆரம்பிக்கும்.

எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்கும்போது சர்க்லிப் (பாகம் நழுவாமல் பிடிக்கும் வளையம்), ஹப் நட் இரண்டும் புதிதாக இருக்கட்டும். கிட்டில் வரும் கிரீஸ் முழுவதையும் போடுங்கள், பாதி குண்டுகளுக்கு நடுவே, மீதி பூட்டுக்குள். சின்ன கிளாம்பை இறுக்குவதற்கு முன் மொன்னையான ஸ்க்ரூடிரைவரைப் பூட்டின் உதட்டுக்கு அடியில் விட்டு, அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள்.